நடந்தே போகலாம்

ஜூலை 6

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அத்தானும் நலம். அவருக்கு முழங்கால் வலி, எனக்கு அவரால் தலைவலி, மற்றபடி சுகம். உன் நலத்தையும் சின்னவள் நலத்தையும் அறிய ஆவல்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பரில் பள்ளிச் சீருடை வேலையெல்லாம் முடிந்து தையல் கடையை ஒரு வாரம் மூடுவேன். அந்த வாரம் நாங்கள் இரண்டு பேரும் அங்கே வருகிறோம். நீ அந்தக் காயல் கரைக்கு மாற்றலாகிப் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. சுற்றுலா அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு ஊர் உலகத்தையெல்லாம் வாருங்கள் வாருங்கள் என்று கூப்பிடுகிறாய். கூடப் பிறந்தவளை ஒரு தடவை கூப்பிட்டாயா? போகட்டும், கூப்பிடாமலே வருகிறேன்.

உன் அத்தானைச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பேருந்துப் பணிமனையில் காலமெல்லாம் மற்றவர்கள் கிளம்புகிற நேரத்தை எழுதிக்கொண்டிருந்த மனிதர், தான் மட்டும் ஓரிடத்துக்கும் கிளம்பியதில்லை. "கடல்ல என்ன இருக்கு, தண்ணிதானே" என்றார். "உங்க தலையில என்ன இருக்குன்னு நான் என்னிக்காவது கேட்டிருக்கேனா" என்றேன். அதற்குப் பிறகு சரி என்றார். இப்போது உட்கார்ந்து எந்தப் பேருந்தில் ஏறி எங்கே இறங்குவது என்று எழுதிக்கொண்டிருக்கிறார்.

சின்னவளுக்குக் காக்கிச் சட்டை இரண்டு தைத்து வைத்திருக்கிறேன் என்று சொல். பறவைகள் சரணாலயத்தில் காவலர்களுக்குக் கொடுக்கிற உடுப்பு ஆம்பிளை அளவில் வெட்டியது, அவளுக்குத் தோளில் தொங்கும். முதல் வேலைக்கு உடுப்பைச் சரிசெய்ய என் கடைக்கு வந்தவளைப் பிடித்துத்தானே உனக்குக் கட்டி வைத்தேன்? நான் செய்த காரியங்களில் உருப்படியான காரியம் அதுதான். அவளை ஒரு வரி எழுதச் சொல்.

எந்தத் தேதி தோதுப்படும் என்று மட்டும் உடனே எழுது.

இப்படிக்கு,
உன் அக்கா


ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கு நலம், அங்கும் அதுவே வேண்டும். அத்தானின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும்.

எங்கள் மாவட்டத்துக்கு வருகை தர நீ விருப்பம் தெரிவித்திருப்பது மிக்க மகிழ்ச்சி அளிக்கிறது. கடலுக்கும் காயலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் இந்த நிலத்தில் கண்டு களிக்க ஏராளம் உண்டு. வெண்மணல் கடற்கரைகள், அலையாத்திக் காடு, கூட்டம் கூட்டமாக வலசை வரும் பூநாரைகள், கரையேறி வெயில் காயும் முதலைகள், பழைய கோட்டை, கோட்டைக்குள்ளேயே உப்புக் கிடங்கு, ஏறி நின்று பார்க்கக் கலங்கரை விளக்கம் என எல்லா வயதினருக்கும் ஏற்ற இடங்கள் அமைந்துள்ளன.

ஆனால் செப்டம்பர் அவ்வளவு உகந்த காலம் அல்ல. கடற்கரையில் காற்று மண்ணை வாரி இறைக்கும். பூநாரைகள் வந்திருக்காது. கலங்கரை விளக்கத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள். கோட்டைச் சுவரில் சாரம் கட்டியிருக்கிறது. டிசம்பரில் வந்தால் எல்லாவற்றையும் ஆற அமரப் பார்க்கலாம் என்பது என் பணிவான கருத்து.

வருகையாளர்கள் தொப்பி, குடிநீர், பருத்தி ஆடை ஆகியவற்றைக் கொண்டுவருவது நலம்.

அன்புடன்,
தம்பி


ஆகஸ்ட் 9

தம்பிக்கு,

நலம் விசாரித்ததற்கு நன்றி. ஒத்தடம் கொடுத்தேன். "சூடு போதலை" என்றார். இன்னும் கொஞ்சம் சூடாகக் கொடுத்தேன், இப்போது வலியைப் பற்றிப் பேசுவதில்லை.

யாரடா வருகையாளர்? உனக்கு மூக்குத் துடைத்துவிட்டவள் வருகையாளரா? உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடியில் அலுவலக முத்திரை எங்கே என்று தேடினேன். கூப்பிடலாமென்று அலுவலகத் தொலைபேசியில் பேசினால் "பக்கத்துல ஆள் இருக்காங்க அக்கா" என்று வைத்துவிடுகிறாய். உனக்குப் பக்கத்தில் எப்போதும் ஆள்தான் இருப்பார்களா?

நான் கலங்கரை விளக்கத்தைப் பார்க்க வரவில்லை. அதற்கு வெள்ளையடித்தால் என்ன, கறுப்படித்தால் எனக்கென்ன? கோட்டையில் சாரம் கட்டியிருந்தால் சாரத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன். நான் வருவது உன்னையும் அவளையும் பார்க்க. உன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அவளோடு ஊர்க்கதை பேச.

இரண்டு பக்கம் எழுதினாயே, அதில் சின்னவளைப் பற்றி ஒரு சொல் உண்டா? முதலை வெயில் காய்கிறது என்று எழுதத் தெரிந்தவனுக்கு, பெண்டாட்டி எப்படி இருக்கிறாள் என்று எழுதக் கை வரவில்லையா? அவளுக்கு உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா? என்னிடம் மறைக்காதே. எதுவாக இருந்தாலும் சொல்லிவிடு. நான் பார்த்துச் செய்துவைத்த கல்யாணம், அதில் கேள்வி கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

திரும்பிவரும் தபாலிலேயே பதில் வேண்டும்.

அக்கா


செப்டம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும். அலுவலகத்தில் தலைக்கு மேல் வேலை. கோடைக்கு முன் வந்த புது மேலாளர் எல்லாவற்றையும் புள்ளிவிவரமாகக் கேட்கிறார்.

அவள் நலம். வேலை அதிகம்.

கடை மூடுகிற வாரம் வீணாகிவிட்டதே என்று வருத்தப்படாதே. டிசம்பரில் பார்த்துக்கொள்ளலாம். அத்தான் படிப்பதற்காக இந்த வருஷத்தின் துண்டறிக்கை ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். முழுக்க நான் எழுதியது. தலைமை அலுவலகத்தில் இதைப் பாராட்டினார்கள்.

அன்புடன்,
தம்பி


அக்டோபர் 3

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்கத் தோன்றவில்லை, கோபம் அவ்வளவு இருக்கிறது.

"அவள் நலம். வேலை அதிகம்." இதென்ன, தந்தி கொடுக்கிறாயா? எழுத்துக்கு இவ்வளவு என்று யாராவது கட்டணம் வாங்குகிறார்களா?

துண்டறிக்கை வந்தது. உன் அத்தான் அதைப் பூசைப் புத்தகம்போல் வைத்துக்கொண்டு சாப்பிடும்போதெல்லாம் எனக்கு வாசித்துக் காட்டுகிறார். கோட்டை, கிடங்கு, படகுத்துறை, எல்லாம் ஒரே உப்புச் சப்பில்லாத எழுத்து. ஒரே ஓர் இடம்தான் எனக்குப் பிடித்தது. "கோடையில் சின்ன ஆலா என்னும் கடற்பறவை முட்டையிடும் மணல்திட்டு காயலின் நடுவே உள்ளது. கணுக்கால் அளவுத் தண்ணீரில் குழந்தைகளுடன் நடந்தே போகலாம்." அதைக் கேட்டதும் உன் அத்தானே "இதைப் பாக்கணும்டி" என்றார். கடலில் தண்ணீர்தானே இருக்கிறது என்று கேட்ட வாய்தான் அது.

இது உன் மூளையில் உதித்ததில்லை என்று எனக்குத் தெரியும். உனக்குக் காக்கைக்கும் கொக்குக்கும் நிறத்தை வைத்துத்தான் வித்தியாசம் தெரியும். சின்னவள் சொல்லியிருப்பாள், நீ எழுதியிருப்பாய். அவளுக்கு என் பாராட்டைச் சொல்.

சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன். அவள் பெயருக்குத் தனியாக ஒரு கடிதம் உங்கள் வீட்டு விலாசத்துக்கு இன்றே அனுப்புகிறேன். நீ பிரிக்காதே. அவள் கையெழுத்தில் எனக்குப் பதில் வர வேண்டும். டிசம்பருக்குப் பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது. இனிமேல் நீ கோட்டையே இடிந்து விழுந்தது என்று எழுதினாலும் நாங்கள் வருவோம்.

அக்கா


நவம்பர் 16

அக்கா,

நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், வரவில்லை.

அவள் வீட்டில் இல்லை. ஜூன் மாதத்திலிருந்தே இல்லை. காயலுக்கு அக்கரையில் சரணாலயத்துக்குச் சொந்தமான காவல் குடில் ஒன்று இருக்கிறது. ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு தண்ணீர்த் தொட்டி. அங்கே போய்த் தங்கிவிட்டாள். உன் கடிதத்தைப் பிரிக்கவில்லை. சரணாலய அலுவலகத்தில் அவள் மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

சண்டை என்றும் சொல்ல முடியாது. சண்டை போட்டால்தான் பரவாயில்லையே. எதிரில் பார்த்தால் தலையசைக்கிறாள், அலுவலகத்தில் மற்றவர்களுக்குத் தலையசைப்பதுபோல. காரணம் அந்தத் துண்டறிக்கைதான். நீ பாராட்டினாயே அந்த வரி. கோடையில் ஆட்கள் வந்தார்கள், பறவைகள் போய்விட்டன. என் வேலை என்ன அக்கா? ஆட்களை வரவழைப்பது. வரவழைத்தேன். அதற்கு எனக்கு அலுவலகத்தில் பாராட்டு, வீட்டில் இந்தத் தண்டனை. ஒரு வரி எழுதியதற்காக யாராவது வீட்டை விட்டுப் போவார்களா? நானும் என்னதான் செய்வது?

டிசம்பரில் வராதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். நீ வந்து பார்க்கிறபோது இந்த வீட்டில் இரண்டு பேர் இருக்க வேண்டும். அவள் திரும்பி வராமலே போய்விட்டால் என்று நினைக்கும்போது சாப்பாடு இறங்குவதில்லை.

தம்பி


நவம்பர் 25

அன்புள்ள சின்னவளுக்கு அக்கா எழுதுவது.

நலமா அம்மா? அந்த ஒற்றை அறையில் தனியாக எப்படி இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று நினைத்து நினைத்து எனக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

என் தம்பி எல்லாவற்றையும் எழுதிவிட்டான். அவன் ஒரு மடையன் என்பதை நான் உனக்கு முன்பே ஒத்துக்கொள்கிறேன். சின்ன வயதில் கண்ணாமூச்சி ஆடும்போது ஒளிந்துகொண்ட இடத்திலிருந்து "நான் இங்க இல்ல" என்று கத்துவான். எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாது. தெரிந்ததை ஊருக்குச் சொல்லாவிட்டால் அவனுக்கு வயிறு உப்பிவிடும். அதெல்லாம் சரி. ஆனால் பறவை போய்விட்டது என்று நீயும் வீட்டை விட்டுப் போவதா? பறவைக்கு இறக்கை இருக்கிறது, அது எங்கேயாவது போய்ப் பிழைத்துக்கொள்ளும். குடித்தனம் அப்படியா? ஊரில் ஒவ்வொருத்தி எதையெதையோ சகித்துக்கொண்டு இருக்கிறாள். அவன் ஒரு வரி அச்சடித்ததற்காக நீ கோபித்துக்கொண்டு போனாய் என்றால் கேட்பவர்கள் சிரிக்க மாட்டார்களா?

உங்கள் இரண்டு பேராலும் நான் டிசம்பர்ப் பயணச்சீட்டை ரத்து செய்தேன். உன் அத்தான் எழுதி வைத்த பயண விவரத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். போதும் இந்த வீம்பு. நாளைக்கே வீட்டுக்குப் போ.

உன் நன்மைக்காகச் சொல்லும்,
அக்கா


ஜனவரி 12

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

வணக்கம். நீங்களும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். நான் நன்றாக இருக்கிறேன், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

உங்கள் கடிதம் வந்து பல நாளாயிற்று. கோபத்தில் பதில் எழுதக் கூடாது என்று ஆறப்போட்டேன். நீங்கள் கேலி செய்ததற்காகக் கோபமில்லை. நடந்தது உங்களுக்கு முழுதாகத் தெரியாது.

ஆலா கூடு கட்டாது அக்கா. வெறும் மணலில் வயிற்றால் ஒரு சின்னப் பள்ளம் செய்து அதில் முட்டையிடும். முட்டையும் மணல் நிறம், அதன்மேல் புள்ளிகள். பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. அந்தத் திட்டைக் கண்டுபிடித்தது நான். எங்கள் மேலதிகாரிக்குக்கூட இடத்தைக் குறிப்பாகச் சொல்லாமல் வைத்திருந்தேன். ஒருநாள் சாப்பிடும்போது சந்தோஷம் தாங்காமல் உங்கள் தம்பியிடம் சொன்னேன். எப்படிப் போக வேண்டும், எங்கே தண்ணீர் குறைவு, எல்லாம் சொன்னேன். அவரும் ஆசையாகத்தான் கேட்டார். "அப்புறம், அப்புறம்" என்று கேட்டார். என் வாழ்க்கையில் அப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. அச்சான தாளில்தான் அதை மறுபடி பார்த்தேன்.

விடுமுறையில் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. குடை பிடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, குப்பைகூடப் போடாமல் நடந்தார்கள். காலடியில் என்ன நசுங்குகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. தாய்ப்பறவைகள் தலைக்குமேல் கத்திக்கொண்டு சுற்றின. அதைப் பார்த்து ஜனங்கள் கை தட்டினார்கள், படம் எடுத்தார்கள். மிதிபடாத முட்டைகள் நிழலில்லாமல் வெயிலில் வெந்துபோயின. நான் ஒருத்தி அந்தக் கோடி இந்தக் கோடியாக ஓடிக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. கடைசியில் ஒரு பறவைகூட இல்லை.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். எல்லாம் போச்சுங்க என்று சொன்னேன். அவர் என்ன கேட்டார் தெரியுமா?

"எத்தனை பேர் வந்தாங்க?"

மேலாளர் புள்ளிவிவரம் கேட்டிருந்தாராம். அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்கு அவரிடம் பேச ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. இனி அந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் வாயைத் திறக்கும்போதெல்லாம் யோசிக்க வேண்டும். வாயைக் கட்டிக்கொண்டு இருப்பதற்கு இந்தக் குடில் போதும்.

நீங்கள் தபாலில் அனுப்பிய சட்டைகள் இரண்டும் கிடைத்தன. தோள் சரியாக இருக்கிறது.

உங்கள் அன்புள்ள,
சின்னவள்


ஜனவரி 20

அடேய்,

நலமும் இல்லை, ஒன்றும் இல்லை.

"எத்தனை பேர் வந்தாங்க" என்றா கேட்டாய்? அவள் கண் கலங்கி நின்றபோது உன் வாயிலிருந்து வந்தது அதுதானா? இதை ஏன் எனக்கு எழுதவில்லை? ஒரு வரி, ஒரு வரி என்று பூசி மெழுகினாயே. உன் பேச்சை நம்பி நானும் அவளுக்குக் கண்டபடி எழுதித் தொலைத்தேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டு இப்போதுதான் ஒரு கடிதம் போட்டேன்.

நான் சொல்வதைக் கேள். என் கடைக்கு இந்த ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் வருகிறார்கள். யாருக்கு இடுப்பு எவ்வளவு, யார் போன வருஷத்தைவிடப் பெருத்திருக்கிறார்கள், யார் பஞ்சு வைத்துத் தைக்கச் சொல்கிறார்கள், எல்லாம் எனக்குத் தெரியும். உன் அத்தானிடம்கூட ஒரு நாளும் நான் வாய் திறந்ததில்லை. திறந்தால் அடுத்த நாள் எவள் என் எதிரில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள்? நம்பி நிற்கிறவளின் அளவைச் சந்தையில் கூவியிருக்கிறாய் நீ. அதுவும் அவளே ஆசையாகக் கொடுத்த அளவை.

உன் வேலை ஆட்களை வரவழைப்பது என்று எனக்கு விளக்கம் வேறு! வரவழைத்தாயே, வீட்டிலிருந்தவளை வரவழைக்க முடிந்ததா?

அந்தத் துண்டறிக்கையை முதலில் நிறுத்து. மறுபடி கோடை வரப்போகிறது. பறவை திரும்பி வருமோ வராதோ, வந்தால் நிம்மதியாக இருக்க வழி பண்ணு. அவள் திரும்பி வருவதும் அதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தலையிருந்தால் யோசி.

உன்மேல் கடுங்கோபத்தில் இருக்கும்,
அக்கா


மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலம். அத்தானுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது?

நீ திட்டியது எல்லாம் நியாயம். கடிதத்தைப் படித்துவிட்டு அன்று அலுவலகம் போகவில்லை. எல்லாம் போச்சு என்று அவள் வாசலில் நின்ற முகம் இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. அன்று நான் அவள் முகத்தையே பார்க்கவில்லை, பேனாவைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

சும்மா வருந்திக்கொண்டு உட்காரவில்லை, முழு மூச்சாக இறங்கிவிட்டேன். மிச்சமிருந்த துண்டறிக்கைகளை என் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டேன், யாருக்கும் கொடுப்பதில்லை. அதோடு என் கைச்செலவில் அறிவிப்புப் பலகைகள் செய்தேன். "எச்சரிக்கை! அரிய ஆலாக்கள் முட்டையிடும் மணல்திட்டு இந்த வழியில் உள்ளது. யாரும் நடந்து போகக் கூடாது." சிவப்பு எழுத்து, தூரத்திலிருந்தே தெரியும். பேருந்து நிலையத்தில் ஒன்று, கடைத்தெருவில் ஒன்று, படகுத்துறையில் ஒன்று, தண்ணீர் குறைவாக இருக்கும் இடத்தில் நேராக ஒன்று. குழப்பம் வரக்கூடாது என்று எல்லாவற்றிலும் அம்புக்குறி போட்டிருக்கிறேன்.

நல்ல வரவேற்பு. பலகை வைத்ததிலிருந்து அந்தத் திட்டைப் பற்றிய விசாரிப்புகள் மிகவும் அதிகரித்துள்ளன.

அவளை அழைத்துப் போய்க் காட்டினேன். பேருந்து நிலையத்துப் பலகையைப் பார்த்தாள். அம்புக்குறியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு கிளம்பிப் போய்விட்டாள். எனக்கு இவளைப் புரியவே இல்லை அக்கா.

அன்புடன்,
தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

அம்புக்குறியா போட்டாய்?

கடிதத்தை உன் அத்தானிடம் கொடுத்தேன். படித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர் முழங்கால் வலியையும் மறந்து எழுந்து நடந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. போகாதே என்று எழுதி, போகும் வழியையும் காட்டி, தண்ணீர் எங்கே குறைவு என்பதற்கும் ஒரு பலகை நட்டிருக்கிறாய்! கண்ணாமூச்சி ஆடினவன் இன்னும் வளரவே இல்லை.

ஏதோ நல்ல காலம், இன்னும் பறவைகள் வரவில்லை போலிருக்கிறது. இந்தக் கடிதம் கிடைத்த கையோடு போய் எல்லாப் பலகைகளையும் பிடுங்கு. பிடுங்கி அடுப்பில் வை. அதற்குப் பிறகு நீ செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. ஒன்றும் என்றால் ஒன்றும். விளக்காதே. அறிவிக்காதே. அவள் குடிலுக்குப் போய் வருத்தம் தெரிவித்து அறிக்கை வாசிக்காதே. யாராவது பறவை எங்கே என்று கேட்டால் தெரியாது என்று சொல். தெரியாது என்று சொல்ல முதலில் தெரியாமல் இருக்க வேண்டும், அதனால் எதையும் தெரிந்துகொள்ளவும் முயலாதே.

வாயை மூடிக்கொண்டு இருப்பதும் ஒரு வேலைதான். உனக்கு அது மலையைத் தூக்குவதுபோல் இருக்கும், தூக்கு. எனக்குக்கூட எழுத வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மே 28

அன்புள்ள அக்காவுக்குச் சின்னவள் எழுதுவது.

நீங்களும் அத்தானும் நலமா? என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்டு எழுதியிருந்தீர்கள், எனக்குக் கூச்சமாகிவிட்டது. அதற்குப் பதில் எழுதவே இல்லை. சொல்ல ஒன்று சேரட்டும் என்று காத்திருந்தேன்.

பலகைகள் மார்ச்சிலேயே காணாமல் போய்விட்டன. அவர் இரவல் வாங்கிய கடப்பாரையோடு தனியாக நின்று பிடுங்கியதாகப் படகுக்காரர்கள் சொன்னார்கள். அதன்பிறகு அவர் குடில் பக்கம் வரவில்லை. கடிதமும் இல்லை. ஏதோ உடம்பு சரியில்லை என்றே நினைத்தேன்.

ஆலாக்கள் வந்தன அக்கா. பழைய திட்டுக்கு இல்லை. வேறோர் இடத்துக்கு. எங்கே என்று எழுத மாட்டேன், நீங்களும் கேட்க மாட்டீர்கள் என்று தெரியும்.

போன வாரம் திடீரென்று கோடை மழை. என் மழைக்கோட்டு வீட்டில் இருந்தது. அவர் அலுவலகத்தில் இருப்பார், எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று பறவைகளைப் பார்த்துவிட்டு நேரே வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. முன்னறையில் அவரும் மேலாளரும் உட்கார்ந்திருந்தார்கள். விடுமுறை நாள் என்பதை நான் மறந்துவிட்டேன். புதுத் துண்டறிக்கை விஷயமாக மேலாளர் வந்திருக்கிறார்.

"அம்மாவே வந்துட்டாங்க, நல்லதாப் போச்சு. இந்த வருஷம் பறவைங்க எங்கே இருக்குன்னு ஒரு வரி கிடைச்சா போதும். போன வருஷம் அதுக்குத்தான் கூட்டமே வந்துச்சு" என்றார் மேலாளர். "இப்ப எங்கிருந்து வர்றீங்கம்மா?"

அப்போதுதான் என் காலைக் குனிந்து பார்த்தேன். முழங்கால்வரை நனைந்து மணல் ஒட்டியிருந்தது. வாசலிலிருந்து நான் நின்ற இடம்வரை தரையெல்லாம் மணல். அந்த மணல் என்ன நிறம் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் அந்த நிறத்தில் மணல் இந்தக் காயலில் ஒரே ஓர் இடத்தில்தான் உண்டு. அது எந்த இடம் என்று மேலாளருக்குத் தெரியாது. உங்கள் தம்பிக்குத் தெரியும். இந்த மாவட்டத்துக் கடற்கரை, காயல்திட்டு ஒவ்வொன்றின் மணலையும் வர்ணித்து எழுதியவர் அவர்தான்.

அவர் தரையைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். போச்சு என்று நினைத்தேன்.

"கடைக்குப் போயிட்டு வர்றா சார்" என்றார். என் கையில் ஒரு பைகூட இல்லை. "இந்த வருஷம் பறவை எதுவும் வரல. கோட்டையைப் பத்தி ரெண்டு பக்கம் சேத்து எழுதித் தர்றேன்."

என்னிடம், "மழையில நனைஞ்சு வந்திருக்கே, போய்க் கால் கழுவு" என்றார்.

பின்கட்டுக்குப் போய்க் கால் கழுவினேன். திரும்பி வந்தபோது மேலாளர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். இவர் துடைப்பத்தை எடுத்து, வாசலிலிருந்து குனிந்து குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தார். பேச்சு கோட்டையைப் பற்றி. கதவிடுக்கில் இருந்ததைக்கூட விரலால் தள்ளி எடுத்தார். எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்க் கொல்லையில் தோட்டத்து மண்ணோடு கலந்து காலால் தேய்த்துவிட்டு வந்தார்.

மேலாளர் போனபிறகு, இப்போது கேட்பார் என்று காத்திருந்தேன். எத்தனை முட்டை, எப்போது வந்தன, ஒன்றாவது கேட்பார் என்று நினைத்தேன். கேட்க வேண்டும்போல் அவருக்கு இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார், பார்க்கப் பாவமாக இருந்தது. மழைக்கோட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். "மழை இன்னும் விடல, பாத்துப் போ" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மறுநாள் என் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஏன் வந்தாய் என்றும் அவர் கேட்கவில்லை. சாப்பிடும்போது அவர் பேச, நான் கேட்க, ஏதோ நடக்கிறது. அலுவலகக் கதைகளைச் சொல்கிறார். பறவையைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை. நானாகச் சொல்கிற நாள் வரலாம், இப்போது அவசரமில்லை.

செப்டம்பரில் கடையை மூடியதும் நீங்களும் அத்தானும் கட்டாயம் வாருங்கள். காற்று மண்ணை வாரி இறைக்கும், பூநாரை இருக்காது, கலங்கரை விளக்கத்துக்கு மறுபடி வெள்ளையடிப்பார்கள். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் இருப்போம்.

தினமும் மணல் காலோடுதான் வருகிறேன் அக்கா. தினமும் அவரே பெருக்குகிறார்.

உங்கள் அன்புள்ள,
சின்னவள்